குன்றின் மேல் ஊர்கள்

நாவலில் படித்த ஊரை நேரில் பார்க்கப் போகக் கூடாது என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். போனால் இரண்டில் ஒன்று கெட்டுப்போகும். ஊர் நாவலைப் போல இல்லையே என்று ஊரின் மேல் குறை தோன்றும். இல்லாவிட்டால் நாவல் ஊரைப் போல இல்லையே என்று நாவலின் மேல் குறை தோன்றும். இரண்டும் அநியாயமான குறைகள். நாவலாசிரியன் நில அளவைக்காரன் அல்ல. ஊரும் யாருடைய நாவலுக்காகவும் கட்டப்பட்டதல்ல.

நாலு பேரிடம் இப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன், சிசிலித் தீவுக்குப் போனபோது ஒரு நாள் முழுவதும் என் அபிப்பிராயத்துக்கு நேர் விரோதமாக நடந்துகொண்டேன். காலையில் அக்ரிஜெண்டோ, நடுப்பகலில் ரக்கல்முட்டோ, மாலையில் பால்மா தி மொந்தேகியாரோ என்று மூன்று மலையூர்களை வாடகைக் காரில் சுற்றிப் பார்த்தேன். மூன்றும் தீவின் தென்புறத்தில், ஒரே மாவட்டத்தில் இருப்பவை. முதல் ஊர் பிராண்டெல்லோ பிறந்த ஊர். இரண்டாவது லெயோனார்டோ ஷாஷா பிறந்த ஊர். மூன்றாவது, 'சிறுத்தை' என்ற ஒரே நாவலை எழுதி உலகப் புகழ் பெற்ற லாம்பெடூசாப் பிரபுவின் முன்னோர்கள் உண்டாக்கிய ஊர். இலக்கிய வாசகனுக்கு இப்படி ஒரு நாள் வேறெங்கே கிடைக்கும்?

என் மனைவியும் கூட வந்தாள். நாவல்களில் அவளுக்கு என் அளவுக்கு நம்பிக்கை கிடையாது. அன்றைய தினத்தில் செய்யப்பட்ட உருப்படியான விமரிசனம் அவளுடையதுதான் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

மத்தியதரைக் கடல் தீவுகளைப் பற்றிய பிரயாணப் புத்தகம் எதை எடுத்தாலும் மலையூர்களைப் பற்றி ஓர் அத்தியாயம் இருக்கும். கீழே பள்ளத்தாக்கு, மேலே பழங்காலத்துக் கோட்டை, நடுவில் தேன் நிறக் கற்களால் ஆன வீடுகள், தூரத்தில் கடல். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த ஊர்கள் ஏன் மலைமேல் இருக்கின்றன என்பதற்குக் காட்சி காரணமல்ல. கடற்கரைக்கு அருகில் இருந்தால் கொள்ளைக் கப்பல்காரர்களின் பயம். பள்ளத்தாக்கில் இருந்தால் மலேரியாவின் பயம். இந்த இரண்டையும்விட முக்கியமான மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. நிலம் யாருடையது என்பதுதான் அது. உள்நாட்டுச் சிசிலியில் கோதுமை விளைந்த நிலங்கள் பெரும் பண்ணைகளாகப் பிரபுக்களிடம் இருந்தன. உழுகிறவனுக்குக் குத்தகை சில வருஷங்களுக்குத்தான். இன்றைக்கு இந்தத் துண்டு, நாளைக்கு வேறொரு துண்டு. தனக்குச் சொந்தமில்லாத நிலத்தில் எவன் வீடு கட்டுவான்? ஆகவே ஆயிரக்கணக்கான ஜனங்கள் குன்றின்மேல் ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். விடியுமுன் எழுந்து, இருக்கிறவன் கோவேறு கழுதையோடும் இல்லாதவன் காலாலும் கீழே இறங்கி வயலுக்குப் போனான். இரண்டு மணி, மூன்று மணி நடைதூரம்கூடச் சாதாரணம். சாயங்காலம் அதே வழியில் ஏறி வந்தான்.

நம்மைப் போன்ற பிரயாணிகள் மலையூருக்குப் பார்ப்பதற்காக ஏறுகிறோம். ஊர்க்காரன் தூங்குவதற்காக ஏறினான். அக்ரிஜெண்டோவின் செங்குத்தான சந்துகளில் மூச்சிரைக்க ஏறும்போது இது என் மனத்தில் பட்டது. பட்டதும் ஒரு கேள்வியும் பிறந்தது. மலையூரைப் பற்றி எழுதிய இந்த மூன்று பேருக்கும் கால் வலித்திருக்கிறதா? அவர்கள் எழுத்தில் ஊர் மேலே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறதா, அல்லது முழங்காலுக்குத் தெரிகிறதா? கேள்வி கொஞ்சம் விளையாட்டாகத்தான் தொடங்கியது. பிறகு அது விளையாட்டாக இருக்கவில்லை.

அக்ரிஜெண்டோ என்றாலே கிரேக்கர்களின் கோயில்கள்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அவை ஊருக்குக் கீழே, கடலைப் பார்த்த ஒரு மேட்டில் இருக்கின்றன. பெரிய விஷயந்தான். ஆனால் அவற்றைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை என்பதால் நான் எழுதப் போவதில்லை. மேலே இருக்கும் பழைய ஊருக்கு 1927 வரையில் ஜிர்ஜெந்தி என்று பெயர். பிராண்டெல்லோ 1867-ல் இந்த ஊருக்கு வெளியே காவோஸ் என்ற இடத்தில் பிறந்தார். 1934-ல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய சாம்பலும் அங்கேதான் வைக்கப்பட்டிருக்கிறது. நாடகாசிரியர் என்ற முறையில்தான் உலகம் அவரை அறியும். பாத்திரங்கள் ஆசிரியரைத் தேடி வருவது, முகமூடிக்குள் முகம் இல்லாமல் போவது என்றெல்லாம் மூளைக்கு வேலை கொடுக்கும் எழுத்தாளர் என்று பெயர். ஆனால் அவர் தகப்பனார் கந்தக வியாபாரி. மனைவியின் சீதனப் பணம் போட்டிருந்த கந்தகச் சுரங்கத்தில் 1903-ல் வெள்ளம் புகுந்து குடும்பமே நொடித்துப் போயிற்று. மனைவியின் புத்தியும் அந்த அதிர்ச்சியில் கலங்கியது. எனவே பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தத்துவம் மூலம் தெரிந்த விஷயமல்ல.

'சாவுலா நிலவைக் கண்டுபிடிக்கிறான்' என்று அவர் எழுதிய சிறுகதை ஒன்று உண்டு. சாவுலா கந்தகச் சுரங்கத்தில் சுமை தூக்குகிறவன். வயது முப்பதைத் தாண்டியும் குழந்தையின் புத்தி. கீழே ஒரு கிழவர் வெட்டிப் போடும் கல்லை முதுகில் ஏற்றிக்கொண்டு செங்குத்தான படிகளில் ஏறி வெளியே கொண்டுவந்து கொட்டுவது அவன் வேலை. சுரங்கத்து இருட்டு அவனுக்குப் பயமில்லை. அது தாய் வயிற்று இருட்டு மாதிரி பழகிப் போனது. வெளியே இருக்கும் ராத்திரி இருட்டுத்தான் பயம். ஒரு நாள் வேலை முடியாமல் இரவிலும் சுமக்கும்படி நேர்ந்துவிடுகிறது. நடுங்கிக்கொண்டே ஏறுகிறான். மேலே ஏதோ வெளிச்சம் தெரிகிறது. வாய்வழியாக வெளியே வந்தால், வானத்தில் நிலவு. நிலவு என்று ஒன்று இருப்பது தெரியாதவனல்ல அவன். ஆனால் அதை அவன் அதுவரையில் பார்த்ததாகச் சொல்ல முடியாது. சுமையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து அழுகிறான். கதை முடிந்துவிடுகிறது.

நிலவை வர்ணிக்காத எழுத்தாளன் எந்த மொழியிலும் இல்லை. வர்ணனைகளில் பெரும்பாலானவை உட்கார்ந்த இடத்திலிருந்து செய்யப்பட்டவை. இந்தக் கதையில் வாசகனும் படி ஏறித்தான் ஆக வேண்டியிருக்கிறது. இருட்டு, மூச்சுத் திணறல், முதுகில் பாரம், காலில் வழுக்கல் எல்லாம் பட்ட பிறகுதான் நிலவு. அதனால்தான் அதன் அழகு நம்பும்படியாக இருக்கிறது. ஐந்தாறு பக்கக் கதைக்குள், மேலே ஏறுவது என்பதன் முழு விலையையும் கொடுத்துவிடுகிறார் பிராண்டெல்லோ. நாடகங்களில் சிலவற்றைக் காலம் தள்ளிவிட்டாலும் இதைத் தள்ளாது என்றே நான் நினைக்கிறேன்.

அக்ரிஜெண்டோவிலிருந்து வடகிழக்கே மலைகளுக்குள் போனால் ரக்கல்முட்டோ. இரண்டு உருண்டையான கோபுரங்களோடு ஒரு கோட்டை, நடுவே ஒரு நீண்ட கடைத்தெரு. உப்புக்கும் கந்தகத்துக்கும் பேர் போன ஊர். கடைத்தெருவில் நடந்துகொண்டிருக்கும்போது, எதிரே சிகரெட்டும் கையுமாக ஒருவர் வந்துகொண்டிருந்தார். வழிவிட்டு ஒதுங்கினேன். அது வெண்கலச் சிலை. ஷாஷாவுக்குப் பீடம் கட்டாமல், நடைபாதையிலேயே, மனிதர்கள் உயரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். எழுத்தாளர்களுக்கு வைத்த சிலைகளில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான். ஏறிட்டுப் பார்க்க வேண்டிய அவசியமில்லை.

ஷாஷா 1921-ல் இந்த ஊரில் பிறந்து, இங்கேயே ஆரம்பப் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். 1989-ல் பாலெர்மோவில் இறந்தார், புதைத்தது இங்கேதான். 1956-ல் வந்த அவருடைய புத்தகம் ரெகல்பெத்ரா என்று பெயரை மாற்றி இந்த ஊரைப் பற்றியே பேசுகிறது. பசியோடு வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதில் உள்ள வெட்கக்கேட்டை அவரைப் போல எழுதினவர்கள் குறைவு. உப்புச் சுரங்கத்துத் தொழிலாளிகளின் கூலிக் கணக்கும் அதில் வருகிறது. ஊர்ப் பெருமை பேசும் ஸ்தல புராணமாக இல்லாமல், ஊரின் வரவு செலவுக் கணக்காக ஒரு புத்தகம் எழுதலாம் என்று அவர் காட்டினார்.

ஆனால் வாசகர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தியது 1961-ல் வெளிவந்த 'ஆந்தையின் நாள்' என்ற நாவல். அதன் ஆரம்பத்தை நினைத்துக்கொண்டுதான் நான் ரக்கல்முட்டோவின் சதுக்கத்தில் நின்றேன். விடியற்காலை. பாலெர்மோவுக்குப் போகும் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டு நிற்கிறது. கறுப்பு உடை போட்ட ஒருவர் பஸ்ஸில் ஏற ஓடிவருகிறார். துப்பாக்கிச் சத்தம். விழுகிறார். பஸ் நிறைய ஜனங்கள் இருக்கிறார்கள். போலீஸ் வருகிறது. பார்த்தால் பஸ் காலி. ஒவ்வொருவராக நழுவி, எதேச்சையாக நடந்து போகிறவர்களைப் போலச் சந்துகளில் மறைந்துவிட்டார்கள். கடலைமாவுப் பலகாரம் விற்றுக்கொண்டிருந்தவனைப் பிடித்து விசாரித்தால், சுட்டார்களா என்ன என்று அவன் திருப்பிக் கேட்கிறான்.

இந்த இடத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாவல் முழுவதிலும் மலைக்காட்சி என்று சொல்லும்படி எதுவுமில்லை. பள்ளத்தாக்கு இல்லை, தேன் நிறக் கல் இல்லை. சதுக்கமும், பஸ்ஸும், போலீஸ் ஆபீஸும்தான். மலையூரில் எல்லோர் ஜன்னலிலிருந்தும் எல்லோர் வாசலும் தெரியும். அப்படிப்பட்ட ஊரில்தான் யாரும் எதையும் பார்ப்பதில்லை. உயரத்தில் இருப்பதன் பயன் பார்ப்பது என்று பிரயாணி நினைக்கிறான். பார்த்ததை மறப்பதுதான் அங்கே பிழைக்கும் வழி என்று ஷாஷா சொல்கிறார். நாவலில் பயப்பட்டுக்கொண்டாவது உபயோகமான ஒரு பெயரை வாய் திறந்து சொல்கிறவள், புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண். அவளும் இல்லாவிட்டால் நாவலில் போலீஸ்காரருக்கு வேலையே இல்லை.

ஷாஷாவிடம் எனக்குக் குறை உண்டு. அவருடைய மனிதர்கள் பெரும்பாலும் ஒரு வாதத்தின் இரு பக்கங்களாகவே நின்றுவிடுகிறார்கள். நல்ல வாதம், நியாயமான வாதம். ஆனால் புத்தகத்தை மூடியபின் அவர்கள் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்று யோசிக்கத் தோன்றுவதில்லை. இது சின்னக் குறைதான் என்று அவருடைய ரசிகர்கள் சொல்லக்கூடும். நாவலாசிரியன் என்ற முறையில் என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

நாரோ என்ற இன்னொரு மலையூரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, பிற்பகலில் பால்மாவுக்கு இறங்கினோம். இறங்கினோம் என்று சொன்னாலும் அதுவும் மேட்டில் ஏறி நிற்கும் ஊர்தான். மற்ற இரண்டைவிடத் தாழ்ந்த மேடு, கடலுக்குக் கிட்டே. பழங்காலத்து ஊர் என்று நினைத்தால் தவறு. 1637-ல் தோமாசி குடும்பத்தைச் சேர்ந்த இரட்டைச் சகோதரர்கள் திட்டமிட்டு நிறுவியது. அந்தக் காலத்தில் பிரபுக்கள் ராஜாங்க உத்தரவு பெற்றுத் தங்கள் கோதுமை நிலங்களில் ஜனங்களைக் குடியேற்றிப் புது ஊர்களை உண்டாக்கினார்கள். ஊரும் வேண்டும், உழவும் ஆள் வேண்டும், கூடவே புண்ணியமும் வேண்டும். ஆகவே பிரபு தம்முடைய அரண்மனையையே கன்னியாஸ்திரி மடமாகக் கொடுத்துவிட்டு வேறு அரண்மனை கட்டிக்கொண்டார். அந்தப் பெனடிக்டின் மடத்தில் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிற பாதாம் பலகாரத்தை நாவலில் வரும் பிரபு ஆசையோடு சாப்பிடுகிறார். நாங்களும் வாங்கிச் சாப்பிட்டோம். இந்த விஷயத்தில் நாவலுக்கும் ஊருக்கும் தகராறு இல்லை.

லாம்பெடூசா 1957 ஜூலையில் இறந்தார். இரண்டு பெரிய பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிவிட்ட 'சிறுத்தை', அடுத்த வருஷம் நவம்பரில் ஃபெல்திரினெல்லி வெளியீடாக வந்து, 1959-ல் ஸ்திரேகா பரிசும் பெற்றது. நாவலில் பிரபுவின் மலையூருக்கு டொன்னாஃபுகாட்டா என்று பெயர். அது இரண்டு ஊர்களைச் சேர்த்துப் பிசைந்து செய்தது. அரண்மனை, ஆசிரியர் சிறுவயதில் விளையாடித் திரிந்த சாந்தா மர்கரிதா தி பெலிச்சே என்ற ஊரிலிருந்த தாய்வழி மாளிகை. 1968-ல் பூகம்பம் அதை இடித்துத் தள்ளிவிட்டது. மடமும், முன்னோர்களின் பக்திக் கதைகளும் பால்மாவைச் சேர்ந்தவை. விஸ்காந்தி 1963-ல் எடுத்த திரைப்படத்தில் நாம் பார்க்கும் டொன்னாஃபுகாட்டாவோ, சிமின்னா என்ற மூன்றாவது ஊர். ஆக, 'சிறுத்தை'யின் ஊரைத் தேடிப் போகிறவன் எங்கே போனாலும் ஏமாறத்தான் வேண்டும். நான் அதற்குத் தயாராகத்தான் போனேன்.

பால்மாவின் பெரிய மாதா கோயில் ஓர் அகலமான படிக்கட்டின் உச்சியில் நிற்கிறது. கீழே நின்று பார்த்தால் படிகள் வானத்துக்குப் போவது போல இருக்கும். நாவலில் பிரபு குடும்பம் மூன்று நாள் புழுதியில் பிரயாணம் செய்து ஊருக்குள் வரும் காட்சியை நான் நினைத்துக்கொண்டேன். வண்டிகள் வருகின்றன. பாண்டு வாத்தியம் முழங்குகிறது. அதிகாரிகள் வரவேற்கிறார்கள். எல்லோரும் நேராகக் கோயிலுக்குள் போய்ப் பிரார்த்தனை செய்கிறார்கள். என்ன அழகான அத்தியாயம்! மனைவியிடம் அதை விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டே ஏறினேன். பாதிப் படியில் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, இத்தனை மேட்டிலே வீடு கட்டியிருக்காங்களே, தண்ணி யாருங்க கொண்டு வந்திருப்பாங்க?" என்றாள்.

"பொம்பளைங்கதான். குடத்திலே."

"உங்க புத்தகத்திலே அவங்க வர்றாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். தண்ணீர் வருகிறது. அரண்மனைத் தோட்டத்தில் கடல்தேவதையின் சிலையோடு ஒரு நீரூற்று இருக்கிறது. அந்தத் தண்ணீர் பீச்சி அடிப்பதையும் வழிவதையும் லாம்பெடூசா ஆசை ததும்பும் வசனத்தில் எழுதியிருக்கிறார். வழியில் ஒரு பண்ணைக் கிணற்றங்கரையில் குடும்பம் இளைப்பாறுவது வருகிறது. பிரபு தொட்டியில் குளிப்பது வருகிறது. குடம் தூக்கிய பெண் வருகிறாளா? எனக்கு ஞாபகமில்லை. "தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்று நாவலாசிரியனுக்கு அழகில்லாத பதிலைச் சொன்னேன்.

அவள் கேட்டது வேடிக்கையான கேள்வியல்ல. 'சிறுத்தை' வெளிவந்து இரண்டு வருஷங்கள்கூட ஆகாத 1960 ஏப்ரலில், இதே பால்மாவில் தானிலோ தோல்ச்சி என்ற சமூக ஊழியர் ஒரு மாநாடு கூட்டினார். மேற்குச் சிசிலியின் பின்தங்கிய பகுதிகளில் ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள், அவர்களுடைய உடல்நிலை எப்படி இருக்கிறது என்பதுதான் விஷயம். சாக்கடை வசதியில்லாமலும், நல்ல தண்ணீர் இல்லாமலும், மனிதரும் மிருகமும் ஒரே அறையில் படுத்துக்கொண்டும் வாழ்ந்ததெல்லாம் அங்கே பேசப்பட்டது. ஒரே ஊர். ஐரோப்பா முழுவதும் வாசகர்கள் அதன் பாதாம் பலகாரத்தை நாக்கில் ருசித்துக்கொண்டிருந்த அதே சமயத்தில், வைத்தியர்கள் அதன் குழந்தைகளின் வயிற்றைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த முரண்பாட்டைக் காட்டி 'சிறுத்தை'யை நிராகரித்துவிடுவது சுலபம். வெளிவந்த காலத்தில் அப்படி நிராகரித்தவர்கள் உண்டு. சிசிலியின் துன்பத்துக்கெல்லாம் வெயிலையும் சோம்பலையும் காரணம் காட்டும் பிரபுத்துவ மனோபாவம் என்று ஷாஷாவே முதலில் கடுமையாக எழுதினார். பின்னால் தம் அபிப்பிராயத்தைத் தளர்த்திக்கொண்டார். அவர் ஏன் தளர்த்திக்கொண்டார் என்பது அன்றிரவுதான் எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது.

அக்ரிஜெண்டோவுக்குத் திரும்பி வந்து, மனைவி தூங்கிய பின், புத்தகத்தை எடுத்துத் தண்ணீரைத் தேடிக்கொண்டு படித்தேன். வடக்கே பியட்மாண்டிலிருந்து வரும் ஓர் அதிகாரி, புது ராஜாங்கத்தின் மேல்சபையில் அங்கத்தினராகும்படி பிரபுவைக் கேட்கிறார். பிரபு மறுத்துவிட்டுச் சிசிலியைப் பற்றி நீண்ட பிரசங்கம் செய்கிறார். நாவலில் எல்லோரும் மேற்கோள் காட்டும் பகுதி அதுதான். அதில் கோடைகாலத்தைப் பற்றிச் சொல்லும்போது தண்ணீரும் வருகிறது. இல்லாத தண்ணீர், இருந்தாலும் வெகுதூரத்திலிருந்து சுமந்து வர வேண்டிய தண்ணீர், ஒவ்வொரு சொட்டுக்கும் வியர்வையாலேயே விலை கொடுக்க வேண்டிய தண்ணீர் என்று பிரபு பேசுகிறார்.

ஆக, லாம்பெடூசாவுக்குத் தெரியும். தெரியாமல் எழுதியவர் என்ற குற்றச்சாட்டு நிற்காது. நான் படிகளில் அவரைப் பற்றி மனத்தில் எழுதத் தொடங்கியிருந்த கண்டனத்தைக் கிழித்துப் போட வேண்டியதாயிற்று. ஆனால் அந்தப் பகுதியை மறுபடியும் படித்தேன். தண்ணீர் இருக்கிறது, தூரம் இருக்கிறது, வியர்வை இருக்கிறது. வியர்வை யாருடையது என்பது மட்டும் இல்லை. சுமக்கப்படுகிறது, சுமக்கிறவர் காணோம். என் மனைவியின் கேள்விக்குப் பதில் வாக்கியத்தின் வாசல் வரையில் வந்துவிட்டு, உள்ளே நுழையாமல் நின்றுவிடுகிறது. பிரபு தொலைநோக்கி வைத்து நட்சத்திரங்களைப் பார்க்கிறவர். வானத்தில் எது எங்கே இருக்கிறது என்று அவருக்குக் கணக்காகத் தெரியும். ஊருக்குள் வரும்போது மட்டும் வண்டியின் ஜன்னல்தான்.

இதைப் பாத்திரத்தின் குறை என்று சொல்லி ஆசிரியரைக் காப்பாற்றலாம். பிரபுவைப் பற்றிய நாவலில் பிரபுவின் கண்ணால்தானே ஊர் தெரிய வேண்டும்? நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தை உடைப்பவரும் லாம்பெடூசாவேதான். நாவலின் மூன்றாவது பகுதியில் பிரபு விடியுமுன் வேட்டைக்குக் கிளம்புகிறார். வண்டி இல்லை. டான் சிச்சோ என்ற ஏழை கூட வருகிறார். மாதா கோயிலில் ஆர்கன் வாசிப்பவர். இருவரும் குன்றுகளில் ஏறி இறங்கி நடக்கிறார்கள். அங்கே, களைத்து உட்கார்ந்திருக்கும்போது, 1860 அக்டோபரில் நடந்த சர்வஜன வாக்கெடுப்பில் நீ எப்படி வாக்களித்தாய் என்று பிரபு கேட்கிறார். ஊரில் பதிவானவை 512 வாக்குகள். புது ராஜாங்கம் வேண்டும் என்றவை 512. வேண்டாம் என்றவை ஒன்றுமில்லை என்று மேயர் மாடியிலிருந்து அறிவித்தாகிவிட்டது. டான் சிச்சோ கோபத்தில் வெடிக்கிறார். அவர் வேண்டாம் என்றுதான் போட்டிருக்கிறார். அவர் போட்ட வாக்கை விழுங்கிவிட்டார்கள். புது ராஜாங்கம் பிறந்த ராத்திரியே எதைக் கொன்றுபோட்டார்கள் என்பது பிரபுவுக்கு அப்போது விளங்குகிறது.

நாவலின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். நடன விருந்தும், நீரூற்றும், வெயில் பிரசங்கமும் இதற்குப் பிறகுதான். இந்த உண்மை பிரபுவுக்கு அரண்மனையில் கிடைக்கவில்லை, வண்டியில் கிடைக்கவில்லை. காலால் நடந்து, மூச்சு வாங்கி, ஓர் ஏழையோடு சமமாக மண்ணில் உட்கார்ந்தபோது கிடைத்தது. அதற்கப்புறம் பிரபு என்ன செய்கிறார்? தம் மருமகனின் கலியாண ரகசியம் டான் சிச்சோவுக்குத் தெரிந்துவிட்டது என்பதால், அது வெளியே கசியாதபடி, அவரைத் துப்பாக்கி அறையில் வேட்டை நாயோடு வைத்துப் பூட்டிவிடுகிறார். சிரித்துக்கொண்டேதான் எழுதியிருக்கிறார் லாம்பெடூசா. ஆனால் இதைவிடக் கடுமையாகப் பிரபுத்துவத்தைக் கண்டித்த பக்கத்தை ஷாஷாவின் புத்தகங்களில்கூட நான் பார்த்ததில்லை. உண்மையைக் கேட்டுக்கொள்வது, சொன்னவனைப் பூட்டி வைப்பது. இதை எழுதத் தெரிந்தவரை வண்டியில் போனவர் என்று மட்டும் சொல்லி ஒதுக்க முடியாது.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். மூவரில் பெரிய கலைஞர் லாம்பெடூசா. நேர்மையான கணக்கர் ஷாஷா. ஆனால் மலைமேல் ஏறுவது என்றால் என்ன என்று மிச்சமில்லாமல் சொன்னவர், அந்தச் சிறு கதையில், பிராண்டெல்லோ. லாம்பெடூசா முன்னோர்களின் இந்தப் பால்மாவை முதன்முதலாகப் பார்த்ததே 1955-ல், ஐம்பத்தெட்டு வயதில், நாவல் எழுதிக்கொண்டிருந்த சமயத்தில்தான் என்பார்கள். அதே சமயத்தில் நாற்பது கிலோமீட்டருக்குள் ஒரு வாத்தியார், பசித்த பிள்ளைகளைப் பற்றித் தம் புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தார். இருவர் புத்தகத்தையும் சேர்த்து வைத்துப் படிக்கிறவனுக்குத்தான் ஊர் முழுசாகக் கிடைக்கும். ஒன்றை மட்டும் படித்துவிட்டுக் காட்சி பார்க்கப் போகிறவனுக்குப் பாதி ஊர்தான்.

தண்ணீர் சுமந்த பெண் மூவரிடமும் சரியாக வரவில்லை. அவளை எழுதும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2024 கோடையில் வறட்சி வந்தபோது அக்ரிஜெண்டோவில் குழாய்த் தண்ணீரை முறை வைத்து விட்டார்கள். விருந்தினர்களுக்குத் தண்ணீர் கொடுக்க முடியாமல் சின்ன விடுதிகள் திண்டாடின. அடுத்த வருஷமே, 2025-ல், இத்தாலியின் கலாசாரத் தலைநகர் என்ற பட்டமும் அந்த ஊருக்குத்தான். வீட்டு மாடிகளிலெல்லாம் தண்ணீர்த் தொட்டிகள் வரிசையாக நிற்பதைப் பிரயாணிகள் புகைப்படத்தில் விழாதபடி கோணம் பார்த்துப் படம் எடுக்கிறார்கள். நானும் காலையில் அப்படித்தான் எடுத்திருந்தேன்.

புத்தகத்தை மூடிவிட்டு விளக்கை அணைக்கப் போனபோது மனைவி விழித்துக்கொண்டாள்.

"பார்த்தீங்களா? வர்றாங்களா அவங்க?"

"தண்ணி வருது. அவங்க வரலை" என்றேன்.

அவள் எழுந்து குளியலறைக்குப் போனாள். குழாயைத் திருகும் சத்தம் கேட்டது. கைவசம் இருந்த இரண்டு காலிப் புட்டிகளையும் நிரப்பிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்துவிட்டு, "எதுக்கும் இருக்கட்டும்" என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள்.